குடிக்காதவளின் கல்லீரல்

என் கல்லீரலைப் பற்றி ஒரு தொழிற்சாலையே பேசியிருக்கிறது. கேன்டீனில் பேசினார்கள், தொழிற்சாலை பஸ்ஸில் பேசினார்கள், எங்கள் தீவின் பாயான் லெப்பாஸில் கிளம்பிய பேச்சு ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போய் கெடா ரப்பர் தோட்டங்கள்வரை எட்டியது. உடம்புக்குள்ளே சிவனே என்று கிடக்கிற ஓர் உறுப்புக்கு இவ்வளவு புகழ் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நான் குடிக்கிறேன் என்பதுதான் அந்தப் பேச்சு. ஒரு சொட்டு மதுகூட என் நாக்கில் பட்டதில்லை. அன்றைக்கும் இதைச் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், நாளைக்கு என்னைப் பெட்டியில் கிடத்தினாலும் எழுந்து உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் படுப்பேன்.

அப்போது நான் பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்தேன். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பிகளை ஒட்டுவதற்கு இளம் பெண்கள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். எங்கள் கம்பெனி வரிசை வீடுகள் சிலவற்றை எடுத்து ஹாஸ்டலாக மாற்றியது. அதில் தமிழ்ப் பெண்கள் இருந்த இரண்டு வீடுகள் என் பொறுப்பு.

தொழிற்சாலைப் பெண் என்றால் அந்தக் காலத்தில் ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். சம்பளம் வாங்குகிறாள், ஜீன்ஸ் போடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகிறாள், இது போதாதா? அதனால் தோட்டத்து அப்பன்மார் மகளை அனுப்புவதற்கு முன்னால் கம்பெனியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், காட்டன் சேலை, சிரிக்காத முகம். பார்த்துத் திருப்தியானார்கள். "கம்பெனிய நம்பி அனுப்பலங்க, உங்கள நம்பித்தான் அனுப்புறோம்" என்று ஒவ்வொருவரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள். ஹாஸ்டல் சுவரில் மூன்று மொழிகளில் விதிகள் ஒட்டியிருக்கும். முதல் விதியே குடிக்கக்கூடாது என்பதுதான். மீறினால் அன்றைக்கே பையைக் கட்ட வேண்டும், வார்டனுக்கும் விலக்குக் கிடையாது. ஆகவே வார்டன் குடிக்கிறாள் என்று முடிவானால் என் வேலை போகும். அதோடு விட்டால் பரவாயில்லை. இரண்டு வீட்டுப் பெண்களையும் அப்பன்மார் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மறுபடியும் பால்மரத்தடியில் நிறுத்திவிடுவார்கள்.

இந்த வம்பு தொடங்கியது அதற்கும் ஆறு வருஷத்துக்கு முன்னால், என் பித்தப்பையில்.

எங்கள் அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர், பூர்வீகம் யாழ்ப்பாணம். தேங்காய்ப்பால் இல்லாமல் சமையல் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்கிற குடும்பம். ஜார்ஜ் டவுனில் இருந்த என் அக்கா வீட்டுக்கு ஒரு விடுமுறை நாளில் போனேன். இடியப்பமும் கெட்டிச் சொதியும். தேங்காய்ப்பாலை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டு எழுந்த அரை மணியில் வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டு முறுக்குவது போல வலி. அது முதுகைச் சுற்றித் தோள்பட்டைவரை ஏறியது. இதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை வந்ததுதான். காற்று என்று ஓமத் தண்ணீர் குடித்து அடக்கியிருந்தேன். இந்தத் தடவை அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பித்தப்பை நிறையக் கல் என்றார்கள்.

துளை போட்டு எடுக்கும் வித்தை அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாக ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். புளியங்கொட்டை அளவில், பழுப்பு நிறத்தில், பளபளவென்று இருந்தன. அக்கா அந்த பாட்டிலை ஷோகேஸில், தன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அறுவை செய்த டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: கொஞ்ச நாளைக்கு எண்ணெய், கொழுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே அக்கா அதற்குப் பேர் வைத்துவிட்டாள். பத்தியம்.

பத்தியம் என்ற சொல்லை எங்கள் ஆட்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இத்தனை நாள், அம்மை கண்டவனுக்கு இத்தனை நாள் என்று கணக்கு இருக்கிறது. அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் சாப்பிடச் சொல்லிவிடுவார்கள். பித்தப்பை எடுத்தவளுக்கு எத்தனை நாள் என்று முன்னோர் யாரும் சொல்லி வைக்கவில்லை. அவர்களுக்குப் பித்தப்பையை எடுக்கத் தெரியாது. அதனால் என் பத்தியத்துக்கு முடிகிற நாள் என்று ஒன்று வைக்கப்படவே இல்லை. ஆறு வருஷம் ஓடியது.

"பை இல்லாத உடம்பு பிள்ளை. எண்ணெய் உனக்கு நஞ்சு" என்று அக்கா ஒவ்வொரு வாரமும் சொல்லுவாள். நானும் அதை அப்படியே நம்பினேன். சொதி போனது. பொரியல் போனது. தாளிக்காத ரசம், அவித்த காய், குழைந்த சோறு. இதைச் சாப்பிட்டு மனுஷி எத்தனை மணி நேரம் இருப்பாள்? பத்து மணிக்கே வயிறு கூப்பிடும். அதற்கு இனிப்பு இருந்தது. இனிப்பில் எண்ணெய் இல்லை, ஆகவே இனிப்பு பத்தியத்துக்கு ஒத்தது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சீனி போட்ட பார்லித் தண்ணீர், குளுக்கோஸ் மாவு கரைத்த தண்ணீர், ரோஸ் சிராப், சீனி போட்டுக் கெட்டியாக்கிய டின்பால் ஊற்றிய தேநீரில் முக்கிய மேரி பிஸ்கட், ரொட்டியின் மேல் வெண்ணெய்க்குப் பதில் டின்பால். ஹாஸ்டல் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். டவுனுக்குப் போய்வந்தால் தங்களுக்கு வடையும் எனக்கு இனிப்புமாக வாங்கி வருவார்கள். "வார்டன் அக்காவுக்கு எண்ண ஆகாதுலா" என்று புதிதாக வருகிறவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

எனக்கு இதில் பெருமை வேறு. மறைக்காமல் சொல்கிறேன், பெரிய பெருமை. கல்யாண வீட்டில் இலையில் வடை வைக்க வந்தவரைக் கையால் தடுத்து நிறுத்தி, பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே என் ஆபரேஷன் கதையைத் தொடங்கிவிடுவேன். அக்கா வீட்டுக்குப் போகும் பஸ் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் திரும்பும்போது சோற்றின் மேல் கறிக்குழம்பை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடைகளின் வாசனை ஜன்னல் வழியாக வந்து மூக்கைப் பிடித்து இழுக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நாக்கை அடக்கிய மகராசி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொள்வேன். இதற்கிடையில் ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. "ஆபரேஷன் செய்த உடம்பு அப்படித்தான் ஊதும்" என்றாள் அக்கா. அதையும் நம்பினேன்.

அப்புறம் கம்பெனியில் ஓர் உத்தரவு வந்தது. நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லாரும் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி ஸ்கேன் பார்த்தார்கள். டாக்டர் ஒரு நடுவயதுக்காரர், அவசரக்காரர். ஸ்கேன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். குடிப்பீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார்.

காபியா டீயா என்று கேட்கிறார் என்று நினைத்து, டீதான் என்றேன். அவர் கையைக் கட்டைவிரல் நீட்டி வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டினார். என் காது சூடாகிவிட்டது. இல்லை என்றேன். அவர் சிரித்தார். தெரியாதா எங்களுக்கு என்கிற சிரிப்பு. அந்தக் காலத்தில் ஈரலில் கொழுப்பு என்றால் குடி என்றே பலபேர் நினைத்தார்கள், டாக்டர்களில்கூட. அதிலும் எதிரில் இருப்பது ஒரு தமிழ் முகமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அவர் எழுதினார். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம், ஊழியர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீஸில் கூப்பிட்டார்கள். அங்கே அதிகாரியாக இருந்த சீனப் பெண்மணி கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. நோயாளி மது அருந்துவதை மறுக்கிறார். மதுவை நிறுத்தும்படி அறிவுரை கூறப்பட்டது.

மறுக்கிறாராம்! நான் எதையும் மறுக்கவில்லை. குடிப்பதில்லை என்று ஒரு செய்தியைச் சொன்னேன். சரி, மறுத்தேன் என்றே வைத்துக்கொள்வோம். தொடங்காத ஒன்றை எப்படி நிறுத்துவது? இதையெல்லாம் அந்த அம்மாளின் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு உங்களைத் தெரியும், ஆனால் ரிப்போர்ட் ஃபைலில் ஏறிவிட்டது என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். அதற்குள் வேறொரு டாக்டரிடமிருந்து கடிதம் வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீடுகளைப் பக்கத்து வார்டனிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்றார்.

சாத்திய கதவுக்குப் பின்னால் படித்தது சாயங்காலத்துக்குள் கேன்டீனுக்கு வந்துவிட்டது. யார் கொண்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், அந்த ஆளுக்கு அந்த மரியாதையைக்கூடக் கொடுக்க விருப்பமில்லை. நான் நுழைந்ததும் சாப்பாட்டு மேசைகளில் பேச்சு நின்றது. பார்லித் தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தேன். பக்கத்து மேசையில் ஒருத்தன் அதைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் மூடியைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாருடா" என்றேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

அக்கா விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கே பஸ் பிடித்து வந்தாள். எனக்காகச் சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொல்லு. ஒளிச்சு எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"என்ன அக்கா கேக்குற?"

"கொழுப்பு ஈரல்ல தானா வருமா? நீ எங்கயோ போய் நாசி கண்டார் சாப்பிட்டிருக்கிறாய். இல்லாட்டி எப்படி?"

ஊரெல்லாம் நான் குடித்தேன் என்கிறது, கூடப் பிறந்தவள் நான் குழம்பு சாப்பிட்டேன் என்கிறாள். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் சுட்டது. ஆறு வருஷம் வாயைக் கட்டியதற்கு இதுதான் பரிசா? அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து ஒரு டம்ளர் சிராப் குடித்த பிறகுதான் படபடப்பு அடங்கியது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு டவுனில் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து, பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவளாக இருப்பாள் அந்த டாக்டர், தமிழ்ப் பெண். நான் உட்காருவதற்கு முன்பே சொன்னேன், "டாக்டர், நான் குடிக்கிறதில்ல. அத முதல்ல எழுதிக்குங்க."

"சரிக்கா, எழுதிட்டேன். உக்காருங்க" என்றாள். எழுதவும் செய்தாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகிவிட்டது. நான் பெரிய சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன்.

தழும்பைப் பார்த்தாள், வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தாள். "நேத்து காலையில எழுந்ததுல இருந்து என்னென்னா சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

இதற்குத்தானே காத்திருந்தேன். "நான் எண்ண தொடமாட்டேன் டாக்டர். தேங்காப்பால் கிடையாது, வெண்ண கிடையாது, முட்ட கிடையாது, ஆட்டுக்கறி பக்கமே போறதில்ல, பொரிச்சது..."

"சாப்பிடாதத கேக்கலக்கா. சாப்பிட்டத சொல்லுங்க."

இந்த ஆறு வருஷத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. சொல்லத் தொடங்கினேன். காலையில் ரொட்டியும் டின்பாலும். பத்து மணிக்குப் பார்லித் தண்ணீர், பிஸ்கட். மத்தியானம் சோறு, ரசம், இன்னும் கொஞ்சம் சோறு. மூன்று மணிக்குத் தேநீர், பிஸ்கட். சாயங்காலம் தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் குளுக்கோஸ். இரவு கஞ்சி, தொட்டுக்கொள்ளச் சீனி. படுக்கும்முன் பால். சொல்லச் சொல்ல அவள் பேனா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் முடிந்து தாளைத் திருப்பினாள்.

"டின்பால் ஒரு டின் எத்தன நாளைக்கு வரும்?"

"ரெண்டு நாள்."

"வீட்ல எத்தன பேரு?"

"எனக்குன்னு தனியா வாங்குறது. நான் மட்டுந்தான்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். என் குரல் என் காதிலேயே விழுந்தது.

விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "ஒரு சொட்டு எண்ண தொடாதவளுக்கு ஈரல்ல கொழுப்பு எங்க இருந்து வரும்? அத சொல்லுங்க" என்றேன்.

"உடம்பே செஞ்சுக்கும்கா. சீனியும் சோறும் தேவைக்கு மேல போனா, ஈரல் அத கொழுப்பா மாத்தி வச்சுக்கும். குடிச்சாத்தான்னு இல்ல. உங்க டின்பால்லயும் கொழுப்பு இருக்கு, டின்ன திருப்பிப் படிங்க."

பித்தப்பையை எடுத்ததும் ஒரு காரணமா என்று கேட்டேன். அவள் தாளில் ஈரலைப் படம் போட்டு, அதன் கீழே ஒரு சின்னப் பை போட்டாள். பித்தநீரைச் செய்வது ஈரல், பை அதைச் சேர்த்துவைத்துச் சாப்பிடும் நேரத்தில் பிழிந்துகொடுக்கும். பை போய்விட்டால் பித்தநீர் நாள் முழுக்கக் குடலில் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ஈரலுக்குக் கெடுதலா இல்லையா என்று உறுதியாகத் தன்னால் சொல்ல முடியாது என்றாள். "கல்லு சேர்ற உடம்புலதான் அனேகமா ஈரல்ல கொழுப்பும் சேருது, சர்க்கரையும் வருது. மூணும் சொந்தக்காரங்க. எது எத கூட்டிட்டு வந்துச்சுன்னு தெரியல" என்றாள். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன முதல் டாக்டர் அவள்தான். அதனாலேயே அவள் சொன்ன மற்றதையும் நம்பினேன்.

இப்போது என்னைப் பார்க்கும் டாக்டர்களிடமும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பித்தநீர் வெறும் எண்ணெய் கரைக்கும் சரக்கு இல்லை, ஈரலுக்கும் குடலுக்கும் நடுவே சர்க்கரை, கொழுப்பு விஷயத்தில் சேதி கொண்டுபோகிற வேலையும் அதற்கு உண்டு என்கிறார்கள். பை எடுத்தவர்களுக்கு ஈரல் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்கிறார்கள். எடுத்ததால் வந்ததா, வர இருந்த உடம்பில் எடுத்தார்களா என்று கேட்டால் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் கல் நிறைந்த பையை வைத்துக்கொண்டு அந்த வலியோடு இருந்திருக்க முடியாது. எடுத்தது தப்பில்லை. எடுத்த பிறகு ஈரலையும் சர்க்கரையையும் ஒரு கண் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"எண்ணய எத்தன நாளைக்குக் குறைக்கச் சொன்னாங்க?" என்று அந்தப் பெண் டாக்டர் கடைசியாகக் கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு."

"எத்தன வருசம் ஆச்சு?"

"ஆறு."

அவள் சிரிக்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கடிதம் எழுதினாள். எழுதும்போது, மறுக்கிறார் என்று மட்டும் போடாதீர்கள் என்றேன். "இவர் குடிப்பதில்லை" என்று எழுதி, எனக்குப் படித்துக் காட்டி, உறையில் போட்டுக் கொடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று நினைக்கிறீர்கள்? கேன்டீன் மேலும் இல்லை, அந்த அவசரக்கார டாக்டர் மேலும் இல்லை. என் மேல்தான். வெட்கமாகவும் இருந்தது. ஆறு வருஷம் தியாகம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு டின் டின்னாகப் பால் குடித்திருக்கிறேன், அதற்காகக் கல்யாண வீடுகளில் உபதேசம் வேறு செய்திருக்கிறேன். ஆனால் ஒன்று. என் முட்டாள்தனத்துக்கு நான் பதில் சொல்லுவேன். செய்யாத குற்றத்துக்குச் சொல்லமாட்டேன். இறங்கும்போது இதில் தெளிவாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பன்மார் வந்தார்கள். வழக்கமாக ஏழெட்டுப் பேர் வருவார்கள், அன்றைக்குப் பதினைந்து பேருக்கு மேல். பேச்சு தோட்டத்துக்குப் போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டு, தலையை அழுத்தி வாரி, விடியற்காலையில் பஸ் ஏறி, ஃபெர்ரி ஏறி, மறுபடி பஸ் ஏறி வந்திருந்தார்கள். முன்கூடத்தில் நாற்காலி போதாமல் சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். பெர்சனல் அம்மாளும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். பெண்கள் சுவரோரம் நின்றார்கள்.

எழுந்து பேசியவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய மகள் மூன்று வருஷமாக என் வீட்டில் இருந்தாள், பத்தொன்பதோ இருபதோ வயது, அதிகம் பேசாதவள், வேலையில் கெட்டிக்காரி. அவர் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு ஒருநாள் தவறாமல் போகிறவர் என்பது அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் குடிக்காமல்தான் வந்திருந்தார்.

"வார்டனம்மா, தப்பா நெனக்காதீங்க. குடிக்கிற பொம்பள இருக்கிற வீட்ல எம் பொண்ண விட முடியாது. இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

பெர்சனல் அம்மாள் என்னைப் பார்த்து, கடிதத்தை எடுங்கள் என்று கண்ணால் சொன்னார். கைப்பையைத் திறந்தேன். உறை விரலில் பட்டது. அப்படியே பையை மூடிவிட்டேன். ஏன் என்று கேட்டால், எனக்கு அப்போது ரத்தம் கொதித்தது. அதுதான் காரணம்.

"உங்க பொண்ணுங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப பக்கத்துல உக்காந்திருந்தேன். அப்ப யாராச்சும் எங்கிட்ட டாக்டர் கடிதாசி கேட்டீங்களா?" என்றேன். "என் ஈரல்ல கொழுப்பு இருக்கு. உண்ம. பித்தப்பை இல்ல, வெட்டி எடுத்தாச்சு. உண்ம. இனிப்புநீர் வியாதி வாசல்ல வந்து நிக்குது. அது நானே சீனியத் தின்னு வரவழைச்சது, யாரும் ஊட்டிவிடல. குடிச்சேன்றது பொய். என் வாயால சொல்றேன். பத்தாதுன்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க. நான் கெஞ்சமாட்டேன்."

அவர் உட்காரவில்லை.

"நீங்க சொல்றீங்க. ஆனா பேப்பர்ல டாக்டர் எழுதியிருக்காராம்லா. அவரு படிச்சவரு, அவருக்குத் தெரியாதா?" என்றார்.

"டாக்டருக்கு என்னாப்பா தெரியும்?"

அவர் மகள்தான் பேசினாள். சுவரோரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்திருந்தாள். அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதில்லை.

"குடிச்சிட்டு ஒரு ஆளு வீட்டுக்குள்ள வந்தா எனக்குக் கண்ண மூடிக்கிட்டே தெரியும். செருப்பக் கழட்டுற சத்தத்துலயே தெரியும். உங்ககூட இத்தன வருசம் இருந்தவப்பா நான். இங்க வந்து மூணு வருசமா விளக்க அணைச்சிட்டுத் தூங்குறேன்."

அவர் தரையைப் பார்த்தபடி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒருவர் மட்டும் போகிற போக்கில் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கடிதத்தைத் திங்கள்கிழமை ஆபீஸில் கொடுத்தேன். அவர்களுக்கு ஃபைலில் வைக்க ஒரு தாள் வேண்டுமே. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போன பிறகு நான் சமையலறைக்குள் போய் நின்று அழுதேன். எனக்கு அழுவது பிடிக்காது, இருந்தும் அழுதேன். என் பேர் தப்பியது என்பதற்காக இல்லை. ஒரு வாரமாக என் பேர், என் பேர் என்று நான் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பதினைந்து பேருக்கு முன்னால் தன் அப்பாவின் பேரை விலையாகக் கொடுத்து அதை மீட்டுத் தந்துவிட்டு, வாசலில் போய் நின்று, அவர் நடந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.